ஊரார் பிள்ளை

வெளி மாநிலத்தில் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பத்தார் இருவர் சந்தித்துக்கொண்டால், நலம் விசாரித்து முடிந்ததும் பேச்சு பிள்ளைகளிடம் வந்து நிற்கும். மகன் எந்தக் கல்லூரியில் சேர்ந்திருக்கிறான், மகள் என்ன மதிப்பெண் வாங்கினாள், இருவருக்கும் தமிழ் எழுதப் படிக்க வருகிறதா என்று இரண்டு பக்கமும் கேள்விகள் எழும். தம் பிள்ளையைப் பற்றிய கவலை எல்லோருக்கும் உண்டு. எதிர் வீட்டுப் பிள்ளையைப் பற்றிய கவலை யாருக்கு உண்டு என்பதே நான் இன்று பேச எடுத்துக்கொண்ட பொருள். பதின்மூன்று வயது முதல் இருபத்திரண்டு வயது வரையிலான பருவத்தில் ஒருவர் செவ்வையாக வளர்வதற்குப் பெற்றோரும் பள்ளிக்கூடமும் மட்டும் போதா. பெற்றோரல்லாத பெரியவர்கள் சிலரும் வேண்டும். சொந்த ஊரை விட்டு வந்தவர்களின் பிள்ளைகளுக்கே அத்தகைய பெரியவர்கள் மிகுதியாகத் தேவைப்படுகிறார்கள். எளிதில் கிடைக்காமற் போவதும் அந்தப் பிள்ளைகளுக்கே.

ஊரில் இருந்தவரை இதற்கென்று யாரும் தனியாக முயற்சி செய்ய வேண்டியிருக்கவில்லை. தாய்மாமன் அடுத்த தெருவில் இருந்தார். சித்தப்பா வயலிலிருந்து திரும்பும்போது திண்ணையில் சற்று உட்கார்ந்துவிட்டுப் போவார். பையன் இரண்டு நாள் பள்ளிக்குப் போகவில்லை என்றால், மூன்றாம் நாள் தையற்கடைக்காரரோ தேநீர்க் கடைக்காரரோ காரணம் கேட்டுவிடுவார். தந்தையோடு பேச்சு முறிந்துவிட்டால் அத்தை வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு அங்கேயே படுத்துக்கொள்ளலாம். மறுநாள் அத்தையே கூட்டிக்கொண்டு வந்து விடுவாள். இதற்கு இளைஞர் நலத் தொண்டு என்று யாரும் பெயர் வைக்கவில்லை.

ஆனால் ஊரை வானளாவப் புகழவும் நான் முற்படவில்லை. பையன் பள்ளிக்குப் போகாததைக் கவனித்த அதே கண்கள், யார் வீட்டுப் பையன் எந்தத் தெருவில் நடந்தான் என்றும் கவனித்தன. சாதியின் எல்லையைக் காத்து நின்றவர்களும் அந்தப் பெரியவர்களே. பெண் பிள்ளை பூப்பெய்திய மறுமாதமே அவளைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிடச் சொன்னவர்களும் அவர்களே. ஆகவே ஊரில் இருந்ததையெல்லாம் இங்கே கொண்டுவந்து நட வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. அயலூருக்கு வந்ததில் நமக்கு ஒரு வசதி உண்டு: எதை எடுத்துக்கொள்வது, எதை அங்கேயே விட்டுவிடுவது என்று நாமே தீர்மானித்துக்கொள்ளலாம்.

டில்லியிலோ மும்பையிலோ அடுக்குமாடி வீடொன்றில் வளரும் பதினாறு வயதுப் பையனை எண்ணிப் பாருங்கள். அவனுக்கு நெருங்கிய பெரியவர்கள் இருவர். அந்த இருவரும் அலுவலகத்திலிருந்து வீடு வந்து சேர இரவு எட்டு மணியாகிவிடுகிறது. பாட்டி ஆண்டில் இரண்டு மாதம் வந்து தங்கிவிட்டு, குளிர் தாங்கவில்லை என்று ஊருக்குத் திரும்பிவிடுகிறார். ஆசிரியருக்கு அவன் வகுப்பிலுள்ள நாற்பது பேரில் ஒருவன். பக்கத்து வீட்டாரை அவனுக்குக் கதவு எண்ணால் தெரியும், பெயரால் தெரியாது. தந்தையிடம் சொல்ல முடியாதது ஒன்று அவனுக்கு நேர்ந்துவிட்டால் அவன் போவதற்கு எந்த வாசலும் இல்லை. கையிலே ஒரு கைப்பேசி இருக்கிறது; அதில் அவனையொத்த வயதுடையவர்கள் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கும் அவனுக்குத் தெரிந்த அளவே தெரியும்.

பெற்றோரல்லாத பெரியவர்கள் வேண்டும் என்று நான் கூறுவது வெறும் ஆசை வார்த்தையன்று. ஹவாய்த் தீவுக் கூட்டத்தில் கவாயி என்றொரு தீவு உண்டு. கரும்பும் அன்னாசியும் விளைந்த அந்தத் தீவுக்கு ஜப்பானிலிருந்தும் பிலிப்பைன்ஸிலிருந்தும் போர்ச்சுகலிலிருந்தும் தோட்டக் கூலிகளாகப் பலர் குடியேறினார்கள். தோட்டத் தொழிலுக்காகக் கடல் கடந்த கதை தமிழருக்குப் புதிதன்று. அந்தத் தீவில் 1955-ஆம் ஆண்டு பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் என்ற உளவியல் அறிஞரும் அவருடைய துணைவர்களும் நாற்பது ஆண்டுகள் விடாமல் பின்தொடர்ந்து கவனித்தார்கள். குழந்தைகளுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் மிகக் கடினமான நிலையில் பிறந்தவர்கள். கொடிய வறுமை, பிறப்பின்போதே வந்த நோய், குடிகாரத் தந்தை, மனநலம் குன்றிய தாய், ஓயாத குடும்பச் சண்டை ஆகிய இவற்றுள் ஒன்றன்று, பலவும் ஒருசேர வாய்க்கப்பெற்றவர்கள். இவர்கள் எல்லோரும் கெட்டுப்போவார்கள் என்றே யாரும் எதிர்பார்ப்பார்கள். இவர்களிலும் மூன்றில் ஒரு பங்கினர் பொறுப்பும் தன்னம்பிக்கையும் அன்பும் உடையவர்களாக வளர்ந்து நின்றார்கள்.

காரணம் என்ன என்று வெர்னர் தேடினார். பிறவிக் குணமும் ஓரளவுக்கு உதவியிருந்தது. ஆனால் திரும்பத் திரும்ப அவர் கண்ட ஒன்று உண்டு. அப்படித் தேறிய பிள்ளைகளுக்குப் பெற்றோர் கைகொடுக்க இயலாத போது, நிலையாகப் பற்றிக்கொள்ளப் பெரியவர் ஒருவராவது இருந்தார். பாட்டியோ, அத்தையோ, பக்கத்து வீட்டுக்காரரோ, ஓர் ஆசிரியரோ, கோயிலைச் சார்ந்த ஒருவரோ அவர். இன்னொன்றையும் அவர் கண்டார். அந்தப் பிள்ளைகளுக்கு இளமையிலேயே பிறருக்குப் பயன்படும் வேலை ஒன்று இருந்தது: தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வது, வீட்டுக்கு வேண்டியதைச் செய்வது முதலியன. பதினெட்டு வயதில் தடுமாறி நின்றவர்களிலும் பெரும்பாலோர் முப்பது, நாற்பது வயதுக்குள் திருந்திய வாழ்வுக்கு வந்துவிட்டார்கள் என்பதும் அந்த ஆராய்ச்சி கூறும் செய்தி. ஆகவே ஒரு பையனைப் பற்றி இனி இவன் உருப்படமாட்டான் என்று பதினேழு வயதில் தீர்ப்பெழுதும் உரிமை நமக்கு இல்லை.

கவாயித் தீவில் கைகொடுத்த அந்தப் பெரியவர்கள் பயிற்சி பெற்றவர்கள் அல்லர், செல்வர்களும் அல்லர். அந்தப் பிள்ளையைப் பெயரால் அறிந்திருந்தார்கள். பல ஆண்டுகள் அதே இடத்தில் இருந்தார்கள். அவ்வளவுதான். ஒரு முறை வந்து சொற்பொழிவு நிகழ்த்திவிட்டுப் போகும் பெரிய மனிதரைவிட, வாரந்தோறும் சனிக்கிழமை மாலையில் பூப்பந்து ஆட வரும் வங்கிக் குமாஸ்தா ஒருவர் அதிகப் பயனுடையவர்.

நம் குடியிருப்புகளில் இப்படிப் பழகக்கூடிய பெரியவர்கள் இல்லாமல் இல்லை. ஆனால் இளைஞரைக் கண்டவுடன் நாம் கேட்கும் முதற்கேள்வி மதிப்பெண்ணைப் பற்றியது. இரண்டாவது கேள்வி, அடுத்து என்ன படிக்கப் போகிறாய் என்பது. இந்த இரண்டுக்கும் விடை சொல்லி அலுத்த பிள்ளைகள், சங்கத்து விழாவில் பெரியவர்களைக் கண்டால் வேறு வழியாகச் சுற்றிக்கொண்டு போகிறார்கள். கேட்பதற்கு வேறு எத்தனையோ உண்டு. நேற்றைய ஆட்டத்தில் என்ன நடந்தது, அந்தப் படம் பார்க்கத்தக்கதா, என் கைப்பேசியில் இது ஏன் வேலை செய்யவில்லை என்று கேட்கலாமே. நமக்குத் தெரியாத ஒன்றை அவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது, அவர்கள் நம்மிடம் பேச வருவதற்கு நல்ல தொடக்கம்.

அடுத்தது தமிழ். இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளை தமிழ் பேசினால் அதில் இந்தி வாக்கியத்தின் சாயல் இருக்கும், அல்லது மராத்தியின் சாயல் இருக்கும். ஆண்பால் பெண்பால் மாறும், ழகரம் வராது. இதைக் கேட்டுக் கூடியிருக்கும் பெரியவர்கள் சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்பில் தீய எண்ணம் எதுவும் இல்லை; ஆயினும் அந்தப் பிள்ளை அதன்பின் அந்தக் கூட்டத்தில் தமிழில் வாய் திறப்பதில்லை. மொழி போனதோடு ஒழிந்தால் ஒருவாறு பொறுக்கலாம். ஊரிலுள்ள பாட்டியோடும் மாமாவோடும் மனம் விட்டுப் பேசும் வழியும் அதோடு அடைபட்டுப்போகிறது. பிழையைத் திருத்துவதற்கு ஓர் இடமும் காலமும் உண்டு. பத்துப் பேர் நடுவில் சிரிப்பது அதைச் சேர்ந்ததன்று.

வேலையை ஒப்படைப்பதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். இதில்தான் நாம் மிகவும் பின்தங்கியிருக்கிறோம் என்பது என் கருத்து. பொங்கல் விழாவை எடுத்துக்கொள்வோம். நாற்காலி போடுவது, தண்ணீர் எடுத்து வைப்பது, பந்தியில் இலை போடுவது ஆகியவை இளைஞருக்கு. ஒலிபெருக்கி, பணப் பெட்டி, விருந்தினரை வரவேற்பது, செயற்குழு ஆகியவை ஐம்பது வயதைக் கடந்தவர்களுக்கு. இருபது ஆண்டுகளாக ஒருவரே பொருளாளராக இருக்கிறார். அப்புறம் இளைஞர்கள் சங்கத்துக்கு வருவதேயில்லை என்று ஆண்டறிக்கையில் வருந்துகிறோம்!

நான் அறிந்த தமிழ்ச் சங்கம் ஒன்றில் ஓராண்டு இதை மாற்றிப் பார்த்தார்கள். பொங்கலுக்கு வேண்டிய கரும்பும் மஞ்சட்கொத்தும் வாழையிலையும் வாங்கும் பொறுப்பைப் பதினாறு முதல் இருபது வயதுக்குட்பட்ட ஐந்து பேரிடம் விட்டார்கள். பணத்தையும் முன்கூட்டியே கையில் கொடுத்துவிட்டார்கள். சந்தையில் விலை பேசி, வண்டி பிடித்து, சாமான்களைக் கொண்டுவந்து சேர்த்தார்கள் அந்த ஐவரும். விழா முடிந்து கணக்குப் பார்த்தபோது 340 ரூபாய் குறைந்தது. செயற்குழுவினர் ஒருவர் தம் கையிலிருந்து போட்டு மூடிவிடலாம் என்றார். பழைய பொருளாளர் அதற்கு இணங்கவில்லை. கணக்கைப் பொதுக்குழுவில் நீங்களே படியுங்கள், குறைந்ததையும் நீங்களே சொல்லுங்கள் என்று அவர்களிடம் கூறிவிட்டு, முதல் நாள் மாலை அவர்களோடு உட்கார்ந்து ஒவ்வொரு ரசீதாகப் பார்த்தார். வண்டிக்காரருக்கு இரண்டாம் நடைக்குக் கொடுத்த கூலி எழுதப்படாமல் விட்டுப்போனது அப்பொழுது தெரிந்தது. மறுநாள் அந்தப் பெண், ஐவருள் அவளே இளையவள், கணக்கைப் படித்து, குறைந்தது எப்படி, கண்டுபிடித்தது எப்படி என்றும் சொன்னாள். கூட்டத்தில் யாரும் குறுக்கே பேசவில்லை. அந்த மாலை நேரத்தில் அந்த முதியவர் செய்தாரே, அதைத்தான் நான் வளர்ப்பு என்று கொள்கிறேன். பிழை நேராமல் அவர் தடுக்கவுமில்லை. பிழையோடு அவர்களைத் தனியே விடவுமில்லை.

திட்டமிடுதல், விளைவை எண்ணிப் பார்த்தல், ஆவலை அடக்குதல் ஆகியவற்றை ஆளும் மூளைப் பகுதி முழு வளர்ச்சி அடைய இருபத்தைந்து வயது வரை ஆகிறது என்று அறிவியலார் கூறுகின்றனர். அதுவரை பொறுப்பே கொடுக்கக் கூடாது என்று இதற்குச் சிலர் பொருள் கொள்கிறார்கள். நீச்சல் தெரிந்த பிறகே தண்ணீரில் இறங்கலாம் என்பதைப் போன்றது இது. பொறுப்பைக் கொடுத்துக் கரையில் ஒருவர் நின்றுகொண்டிருக்க வேண்டும் என்பதே நேரான பொருள்.

இதுவரை நான் சொன்னவை சங்கமும் செயற்குழுவும் உடைய, ஓரளவு வசதி பெற்ற குடும்பங்களைப் பற்றியவை. வெளி மாநிலத் தமிழரில் பெருந்தொகையினர் அவர்கள் அல்லர். கூலி வேலை செய்வோர், வீட்டு வேலை செய்யும் பெண்கள், சிறு பட்டறைகளில் உழைப்போர், தாராவி போன்ற இடங்களில் தலைமுறை தலைமுறையாக வாழ்வோர் மிகப் பலர். அவர்களுடைய பிள்ளைகளுக்குப் பொறுப்பு போதவில்லை என்ற குறையே கிடையாது. வயதுக்கு மீறிய பொறுப்பே அவர்களுடைய துன்பம்.

தாய்க்குத் தமிழ் மட்டுமே தெரியும். பள்ளியில் படிக்கும் மகளுக்கு இந்தியும் தெரியும். ஆகவே ரேஷன் அட்டை அலுவலகத்துக்கும் வங்கிக்கும் மகள்தான் போகிறாள். மருத்துவமனையில் தாயின் நோயைப் பற்றி மருத்துவர் கேட்பதைத் தாய்க்குச் சொல்வதும், தாய் கூசிக் கூசிச் சொல்வதை மருத்துவருக்குச் சொல்வதும் பன்னிரண்டு வயதுச் சிறுமிதான். கருப்பையில் கட்டி இருக்கிறது என்ற செய்தியைத் தாய்க்கு முதலில் சொல்ல வேண்டியவள் அவளாகிவிடுகிறாள். இந்தப் பிள்ளைகள் திறமை மிக்கவர்கள். அதில் எனக்கு ஐயமில்லை. இரண்டு மொழியிலும் இரண்டு உலகத்திலும் வழி கண்டுபிடிக்கத் தெரிந்தவர்கள். ஆனால் இந்தச் சுமைக்காகப் பள்ளிக்குப் போகாமல் நிற்கும் நாட்கள் எத்தனை! வீட்டில் பெரியவர் யார், சிறியவர் யார் என்ற முறையே தலைகீழாகிவிடுகிறது. தந்தைக்குத் தெரியாததெல்லாம் தனக்குத் தெரியும் என்று கண்டுகொண்ட பையன், பின்னர் தந்தை நல்லது சொன்னாலும் கேட்பதில்லை.

இங்கே உதவக்கூடியவர்கள் நம்மிடையே ஏராளமாக இருக்கிறார்கள். நாற்பது ஆண்டு அரசாங்க உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்ற தமிழர் ஒவ்வொரு பெருநகரிலும் உண்டு. விண்ணப்பம் எழுதுவதும் அலுவலகத்தில் எந்த அறைக்குப் போக வேண்டும் என்பதும் அவர்களுக்குக் கைவந்த கலை. வாரத்தில் இரண்டு மணி நேரம் அவர்களில் இருவர் அந்தக் குடியிருப்பில் போய் உட்கார்ந்தால் போதும். இரு மொழியும் அறிந்த பெண்மணி ஒருவர் தாயோடு மருத்துவமனைக்குப் போய்வந்தால், அன்று அந்தச் சிறுமி பள்ளிக்குப் போவாள். இளைஞர் முன்னேற்றம் என்ற பெரிய பெயரில் நடக்கும் கூட்டங்கள் பலவற்றைக் காட்டிலும் இது மேலானது.

நம் முன்னோர் இத்தகைய காரியங்களைச் செய்யாமலில்லை. டில்லியில் தென்னாட்டு அரசாங்க ஊழியர் சிலர் தம் பிள்ளைகளுக்காகவும் தம்மைப்போல வந்தவர்களின் பிள்ளைகளுக்காகவும் 1923-ஆம் ஆண்டில் தொடங்கிய பள்ளியே, இன்று தலைநகரில் தமிழ்ப் பள்ளிகள் பலவற்றை நடத்தும் டில்லித் தமிழ்க் கல்விக் கழகமாக வளர்ந்தது. மும்பையில் தென்னிந்தியக் கல்விக் கழகம் மாதுங்காவில் 1932-இல் தோன்றியது. அவற்றை நிறுவ முன்வந்தோர், அடுத்த வீட்டுப் பிள்ளையும் படிக்க வேண்டும் என்று நினைத்தவர்கள்.

தென்டில்லியில் ஜங்புரா அருகே, பாராபுல்லா வடிகாலின் கரையில், மதராசி முகாம் என்று ஒரு குடியிருப்பு இருந்தது. அரை நூற்றாண்டுக்கு மேலாக அங்கே வாழ்ந்தவர்கள் பெரும்பாலும் தமிழர். சுற்றுப்புற வீடுகளில் பெண்கள் வேலை செய்தார்கள். பிள்ளைகள் பலர் லோதி எஸ்டேட்டிலுள்ள தமிழ்ப் பள்ளியில் படித்தார்கள். வடிகாலைச் சீர்ப்படுத்துவதற்காக, உயர் நீதிமன்ற ஆணையின்படி, 2025-ஆம் ஆண்டு ஜூன் 1-ஆம் நாள் அந்தக் குடியிருப்பு இடிக்கப்பட்டது. ஏறத்தாழ 370 வீடுகளில் 189 குடும்பங்களுக்கே நகரின் வடகோடியிலுள்ள நரேலாவில் மாற்று வீடு பெறும் தகுதி உண்டு எனக் கணக்கிடப்பட்டது. வடிகால் தூர்ந்தால் நகரில் வெள்ளம் புகும் என்பதும் மெய். வழக்கின் நியாயங்களை ஆராய்வது என் நோக்கமன்று. அந்தக் குடியிருப்பிலே ஒரு பதினைந்து வயதுப் பையனுக்கு எத்தனை பெரியவர்களைத் தெரிந்திருக்கும் என்று மட்டும் எண்ணிப் பார்க்கிறேன். கடைக்கார அண்ணாச்சி, கோயிலைப் பார்த்துக்கொண்டவர், எதிர் வீட்டு அக்கா, பள்ளியில் தமிழ் ஆசிரியை. வீடு போனதை எல்லோரும் கண்டார்கள். இந்தப் பெரியவர்கள் ஒரே நாளில் நாலா பக்கமும் சிதறிப்போனதை யாரும் கணக்கில் எழுதவில்லை. இப்படிக் கலைந்துபோகும் குடியிருப்புகள் எந்த நகரில் இருந்தாலும், பழைய ஆசிரியர் ஒருவர் மாதம் ஒரு முறை அந்தப் பிள்ளைகளிருக்கும் இடத்துக்குப் போய்வருவதும், படிப்பு நின்றுவிட்டவர்கள் யார் என்று ஒரு பட்டியல் எடுத்துவைப்பதும் அங்குள்ள தமிழ்ச் சங்கங்களுக்கு இயலாத காரியங்கள் அல்ல.

பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சில சொற்கள். கோள் சொல்லும் பழக்கத்தை நாம் ஊரிலிருந்து பத்திரமாகக் கொண்டுவந்துவிட்டோம். பதினேழு வயதுப் பெண் நூல்நிலையத்திலிருந்து சற்று நேரங்கழித்து வருகிறாள். உடன் படிக்கும் பையன் ஒருவன் பேருந்து நிறுத்தம் வரை கூட வருகிறான். இதைக் கண்ட ஒருவர் நேரே அவள் தாய்க்குச் சொல்கிறார். நல்ல எண்ணத்தோடுதான் சொல்கிறார். அடுத்த வாரம் அவளுக்கு நூல்நிலையமும் இல்லை, பாட்டு வகுப்பும் இல்லை. அதன் பின்னர் உண்மையாகவே அவளுக்கு ஒரு தொல்லை வந்தால், ஒருவன் பின்தொடர்ந்து வந்து அச்சுறுத்தினால், அவள் யாரிடம் சொல்வாள்? பெரியவர்களிடம் சொன்னால் தன் கதவே அடைபடும் என்று அவள் கற்றுக்கொண்டுவிட்டாள் அல்லவா? கண்டதை அவள் தாயிடம் சொல்வதற்கு முன், அவளிடமே, எல்லாம் நலந்தானே அம்மா, ஏதாவது வேண்டுமானால் என்னிடம் சொல் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

இளைஞர் நம்பிச் சொல்வதை நாம் நம்மிடமே வைத்துக்கொள்ள வேண்டும். இதற்கு விலக்கு ஒன்றுதான்: உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து என்று தெரிந்தால் மறைக்கக் கூடாது. மறைக்கமாட்டேன் என்பதை முன்னதாகவே அந்தப் பிள்ளையிடம் சொல்லிவிடுவது நேர்மை. 2022-ஆம் ஆண்டில் நம் நாட்டில் தற்கொலை செய்துகொண்ட மாணவர் 13,000-க்கு மேற்பட்டவர் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குக் கூறுகிறது. தேர்வு முடிவு வரும் நாட்களில் வீட்டுக்கு வீடு தொலைபேசியில் மதிப்பெண் விசாரிக்கும் வழக்கத்தை நாம் இதோடு சேர்த்து எண்ண வேண்டும். நன்றாகப் பழகிக்கொண்டிருந்த பிள்ளை திடீரென ஒதுங்கிப்போனால், தூக்கமும் உணவும் மாறினால், தன் பொருள்களைப் பிறருக்குக் கொடுத்துவிடத் தொடங்கினால், இருந்து என்ன பயன் என்பதுபோலப் பேசினால், இவையெல்லாம் பருவக் கோளாறு என்று விட்டுவிடலாகாது. செத்துப்போக வேண்டும் என்று நினைக்கிறாயா என்று நேராகக் கேட்கலாம். கேட்பதனால் அந்த எண்ணம் புதிதாக உண்டாகிவிடாது. சொல்ல ஓர் ஆள் கிடைத்ததே என்று ஆறுதல்தான் உண்டாகும். தனியே விடாமல் உடனிருந்து, பெற்றோரையும் மருத்துவரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அரசாங்கம் 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மனஸ் என்ற மனநல உதவித் தொலைபேசியின் எண் 14416. இரவும் பகலும் கட்டணமின்றிப் பேசலாம், தமிழிலும் பேசலாம். பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளைகளுக்கு எந்த ஆபத்து நேர்ந்தாலும் 1098 என்ற எண் உண்டு.

பெரியவர்கள் பிள்ளைகளோடு பழக வேண்டும் என்று சொல்லும்போது, எல்லாப் பெரியவர்களும் நல்லவர்கள் என்று கொண்டுவிட முடியாது. சங்கம் வகுப்பு நடத்தினால் கதவு திறந்திருக்கட்டும். பெரியவர் இருவர் இருக்கட்டும். சிறுவர் சிறுமியருக்குத் தனியே இரவில் செய்தி அனுப்பும் பெரியவர் யாராயிருந்தாலும் அவரை நிறுத்திக் கேட்க வேண்டும். 2012-ஆம் ஆண்டின் போக்ஸோ சட்டப்படி, குழந்தையிடம் பாலியல் குற்றம் நிகழ்ந்தது என்று அறிந்தவர் அதைக் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். சங்கத்தின் நற்பெயர், குடும்ப மானம், அவர் நம் ஊர்க்காரர் என்ற சாக்குகளுக்கு அந்தச் சட்டத்தில் இடமில்லை.

ஊரே கூடிச் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு ஐஸ்லாந்து நாடு ஒரு சான்று. அங்கே 1998-இல் பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்கு 42 பேர், முந்தைய ஒரு மாதத்தில் குடித்து மயங்கியதாக ஆய்வில் தெரிவித்தார்கள். 2016-இல் அந்தத் தொகை நூற்றுக்கு 5 ஆகிவிட்டது. பெற்றோர்கள் தங்களுக்குள் உடன்படிக்கை எழுதிக்கொண்டு ஒரே விதமான நேர ஒழுங்கை எல்லா வீட்டிலும் கடைப்பிடித்தார்கள். இதனால், என் தோழனுக்கு மட்டும் அனுமதி உண்டே என்ற வழக்கு எழவில்லை. முறை வைத்துக்கொண்டு இரவில் தெருக்களில் சேர்ந்து நடந்தார்கள். விளையாட்டு, இசை, நடனம் ஆகியவற்றுக்குத் தேர்ந்த பயிற்சியாளர்களையும் பொதுப்பணத்தையும் நகராட்சிகள் ஏற்பாடு செய்தன. பனி சூழ்ந்த சிறிய நாடு அது. அவர்களிடமுள்ள பணம் நம் சங்கங்களிடம் இல்லை என்பது மெய்யே. ஆனால் சேர்ந்து நடப்பதற்குப் பணம் வேண்டியதில்லை. மாலையில் நம் குடியிருப்புகளில் நடைப்பயிற்சி செய்யும் பெரியவர்களுக்குக் குறைவே இல்லை. அவர்கள் பூங்காவைச் சுற்றுவதை வாரத்தில் ஒரு நாள் இளைஞர் கூடும் மைதானத்தின் பக்கமாக மாற்றிக்கொண்டு, நின்று நாலு வார்த்தை பேசிவிட்டுப் போகலாம். வேவு பார்க்கப் போனால் அவர்கள் இடத்தை மாற்றிக்கொள்வார்கள். ஆட்டம் பார்க்கப் போனால் இருக்கச் சொல்வார்கள்.

ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்ற பழமொழிக்கு, மனைவியைப் பேணினால் அவள் வயிற்றிலுள்ள தன் குழந்தை வளரும் என்று நயமாகப் பொருள் கூறுவோரும் உண்டு. நயம் நன்றுதான். ஆயினும் சொல்லில் உள்ள நேர்ப்பொருளே நமக்கு இப்பொழுது வேண்டியது. என் மகன் என்னிடம் சொல்லாததை உங்களிடம் சொல்லக்கூடும். உங்கள் மகள் உங்களிடம் கேட்கத் தயங்குவதை என் மனைவியிடம் கேட்கக்கூடும். இதில் பெற்றோர் வருந்துவதற்கு ஒன்றுமில்லை.

எங்கே தொடங்குவது என்று கேட்பீர்களாயின், சங்கத்தின் உறுப்பினர் பதிவேட்டை எடுத்துப் பாருங்கள். குடும்பத் தலைவரின் பெயர், ஊர், உத்தியோகம், சந்தா கட்டிய தேதி ஆகியவை இருக்கும். பிள்ளைகளின் பெயர் இராது. அடுத்த பொங்கலுக்குச் சந்தா வாங்கும்போது ஒரு பத்தி கூடுதலாகக் கோடிட்டு, வீட்டில் பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டவர்கள் யார், அவர்களுக்கு எதில் விருப்பம் என்று அவர்களையே கேட்டு எழுதிக்கொள்ளலாம். அந்தப் பத்தியை எழுதும் வேலையை அவர்களில் ஒருவரிடமே கொடுக்கலாம். சந்தா கட்ட இயலாமல் பதிவேட்டில் இடம் பெறாத குடும்பங்களின் வீடுகளுக்கும் அந்த நோட்டுப் புத்தகத்தோடு போய்வரச் சொல்லுங்கள். வழி காட்ட ஒரு பெரியவர் உடன் போகட்டும்.